இன்டர்நெட் ஆர்க்கைவில் மொழிப் பாடங்களைத் தேடி எடுப்பது எப்படி

ஜெர்மன் கற்க நினைப்பவர் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தின் தளத்தைத் (archive.org) திறந்து, தேடல் பெட்டியில் 'லேர்ன் ஜெர்மன்' என்று அடிப்பார். யாரோ பதிவு செய்த பேச்சு, குழந்தைப் பாட்டு, ஒலி சரியில்லாத காணொலி என்று பக்கம் பக்கமாக வரும். பத்து நிமிடம் புரட்டிவிட்டு, இங்கே ஒன்றும் இல்லை என்று மூடிவிடுவார். ஆனால் அதே தளத்தில் முழுப் பாடநூலும் அதற்கான ஒலிநாடாக்களும் காசில்லாமல் கிடக்கின்றன.

கோளாறு தேடிய சொல்லில்தான். ஒவ்வொரு நூலுக்கும் ஒலிக்கோப்புக்கும் ஏற்றியவர் ஒரு விவரச் சீட்டு எழுதியிருப்பார்: தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருள், மொழி. தேடல் பெட்டி வழக்கமாகப் பார்ப்பது அந்தச் சீட்டை மட்டும்தான். உங்களுக்கு என்ன வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. சீட்டில் இருக்கும் சொல்லைக் கொடுத்தால் பொருள் வரும், இல்லையென்றால் வராது. கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்கும் வேலைதான். ஜெர்மனை உதாரணமாக எடுத்திருக்கிறேன். சிங்களம், மலையாளம், ஜப்பானியம் எதுவானாலும் முறை ஒன்றே.

ஒரு குறிப்பு: கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தேடல் பெட்டியில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

1. முதலில் கணக்கு, செலவு, இடம்

தேடவும், திறந்த நூல்களை இறக்கவும் கணக்கு தேவையில்லை. இரவல் நூல்களைப் படிக்க மட்டும் கணக்கு வேண்டும். அதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரியும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போதும். அடையாள அட்டை, பணம், வங்கி அட்டை எதுவும் கேட்கமாட்டார்கள். யாராவது ஆர்க்கைவ் பெயரைச் சொல்லி உறுப்பினர் கட்டணம் கேட்டால் அது வேறு தளம். முகவரியைச் சரிபார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

உண்மையான செலவு டேட்டாதான். 128 கேபிபிஎஸ் தரத்தில் உள்ள எம்பி3 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி பிடிக்கும். 25 மணி நேர ஒலிப்பாடம் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை ஜிபி. தினமும் ஒன்றரை ஜிபி வரும் கைப்பேசித் திட்டத்தில் இருப்பவருக்கு அன்றைய டேட்டா இதிலேயே தீர்ந்துவிடும். பாடம் பாடமாக இறக்குங்கள், அல்லது வைஃபை உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் முக்கால் மணி தேடலுக்கு, மீதி வந்தவற்றைத் திறந்து பார்க்க. முதல் நாளே எல்லாவற்றையும் இறக்கத் தொடங்கினால், படிக்காத நூறு கோப்புகள்தான் மிஞ்சும்.

2. சரியான பெட்டியில் அடியுங்கள்

முகப்புப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. வேபேக் மெஷின் என்ற பெயரோடு இருப்பது பழைய இணையப் பக்கங்களைப் பார்க்க. அதில் இணைய முகவரி கொடுக்க வேண்டும். புதிதாக வருபவர்களில் பலர் அங்கே நூல் பெயரை அடித்துவிட்டு ஏமாந்து போகிறார்கள். உங்களுக்கு வேண்டியது மற்ற பெட்டி.

அந்தப் பெட்டியைச் சொடுக்கினால் எதில் தேடுவது என்ற தேர்வுகள் விரியும். 'மெட்டாடேட்டா' என்றால் விவரச் சீட்டில் மட்டும் தேடும். 'டெக்ஸ்ட் கன்டென்ட்ஸ்' என்றால் நூல்களின் உள்ளே இருக்கும் வரிகளில் தேடும். எப்போதும் முதலாவதில் தொடங்குங்கள். இரண்டாவதை எங்கே பயன்படுத்துவது என்று 6-ஆம் படியில் வருகிறது.

3. சீட்டில் என்ன சொல் இருக்கும்?

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

நூலகங்களிலிருந்து ஸ்கேன் ஆகி வந்த நூல்களின் பொருள் பட்டியலில், அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வகுத்த சொற்கள்தான் பெரும்பாலும் இருக்கும். அவை பேச்சுவழக்கில் இல்லாத, கட்டிறுக்கமான சொற்கள். ஒரு தடவை குறித்து வைத்துக்கொண்டால் எந்த மொழிக்கும் பயன்படும். முதலில் மொழியின் பெயரோடு 'லாங்குவேஜ்' சேரும்: 'ஜெர்மன் லாங்குவேஜ்', 'சிங்களீஸ் லாங்குவேஜ்' என்பது போல. அதற்குப் பின்னால் இவற்றில் ஏதாவது ஒன்று நிற்கும்:

- டெக்ஸ்ட்புக்ஸ் ஃபார் ஃபாரின் ஸ்பீக்கர்ஸ்: அந்த மொழி தெரியாதவர்களுக்கான பாடநூல். உங்களுக்கு முதலில் வேண்டியது இது.
- செல்ஃப் இன்ஸ்ட்ரக்ஷன்: ஆசிரியர் இல்லாமல் தானே கற்பது.
- கான்வர்சேஷன் அண்ட் ஃப்ரேஸ் புக்ஸ்: பேச்சு வழக்கும் அன்றாடத் தொடர்களும்.
- ரீடர்ஸ்: வாசிப்புப் பயிற்சி. ஆறு மாதம் கழித்துத் தேவைப்படும்.
- கிராமர்: இலக்கணம். இதில் ஜெர்மானியப் பள்ளிப் பிள்ளைகளுக்கான நூல்களும் கலந்திருக்கும். கவனம் தேவை.

தனியாட்கள் ஏற்றிய ஒலிக்கோப்புகளில் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. தலைப்பில் ஒரு சொல், அவ்வளவுதான். பொருள் பட்டியல் காலியாகவே இருக்கும். ஒலிக்குத் தேடும்போது தலைப்பில் தேடுங்கள், நூலுக்குத் தேடும்போது பொருளில் தேடுங்கள்.

அடுத்தது மொழியின் பெயர். ஒரே மொழியை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பெயரிட்டு எழுதியிருக்கிறார்கள். ஜெர்மன் என்றால் 'டாய்ச்' என்றும் தேட வேண்டும். ஜெர்மனியில் அச்சான, வெளிநாட்டவருக்கான பாடநூல்களில் 'டாய்ச் ஆல்ஸ் ஃப்ரெம்ட்ஷ்ப்ராஹ' (Deutsch als Fremdsprache) என்ற தொடர் இருக்கும். நம் பக்கத்து மொழிகளில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. கன்னடம் பழைய நூல்களில் 'கேனரீஸ்' (Canarese). தெலுங்கு 'டெலூகூ' (Teloogoo), அதற்கும் முன்னால் 'ஜென்டூ' (Gentoo). மலையாளத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டில் கடைசி 'ஏ' எழுத்துக்குப் பதில் 'ஐ' இருக்கும். சிங்களம் 'சிங்களா', 'சிங்களீஸ்', 'சிங்ஹலீஸ்' என்று மூன்று விதமாக வரும். இந்தி 'ஹிந்துஸ்தானி'க்குள் ஒளிந்திருக்கும். தமிழுக்கே 'டாமுல்' (Damul) என்று எழுதிய காலம் உண்டு. ஒரே பெயரில் தேடிவிட்டு நூல் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

தமிழ் வழியாக வேறு மொழி கற்கும் நூல்களைத் தேடுபவர்கள் இரண்டு முறை தேட வேண்டும். ஒருமுறை தமிழ் எழுத்தில், ஒருமுறை ஆங்கில எழுத்தில். ஆங்கில எழுத்தில் தேடும்போது 'மொழி' என்ற சொல்லின் 'ழி'யை ஒருவர் 'இசட் ஹெச்' போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் வெறும் 'எல்' போட்டிருப்பார். இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

4. கட்டளையாக எழுதுங்கள்

அமைப்பு எளிது. எந்தப் பகுதியில் தேட வேண்டுமோ அதன் பெயர், இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி, பிறகு தேடும் சொல். சொல் ஒன்றுக்கு மேல் இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். ஜெர்மன் பாடநூலுக்கான முழுக் கட்டளை இப்படி இருக்கும்:

சப்ஜெக்ட்:"ஜெர்மன் லாங்குவேஜ்" ஆண்ட் சப்ஜெக்ட்:"ஃபாரின் ஸ்பீக்கர்ஸ்" ஆண்ட் மீடியாடைப்:டெக்ஸ்ட்ஸ்

ஒலிக்கு:

டைட்டில்:(ஜெர்மன் ஆர் டாய்ச்) ஆண்ட் டைட்டில்:கோர்ஸ் ஆண்ட் மீடியாடைப்:ஆடியோ

ஆண்ட், ஆர், நாட் மூன்றையும் பெரிய எழுத்தில் அடியுங்கள். சிறிய எழுத்தில் அடித்தால் அதையும் ஒரு சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அடுத்த பிழை மீடியாடைப்பில் (mediatype, ஒரே சொல்) நடக்கும். நூலுக்கு 'டெக்ஸ்ட்ஸ்' என்று கடைசியில் எஸ் வேண்டும். ஒலிக்கு 'ஆடியோ', எஸ் கிடையாது. காணொலிக்கு 'வீடியோ' என்று அடித்தால் ஒன்றும் வராது, அங்கே அதன் பெயர் 'மூவீஸ்'. இந்த ஓர் எழுத்துக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

கைப்பேசியில் அடிக்கும்போது இன்னொரு தொல்லை உண்டு. சில விசைப்பலகைகள் நேரான மேற்கோள் குறியைத் தானாகவே வளைந்த குறியாக மாற்றிவிடும். கட்டளை சரியாக இருந்தும் முடிவு தாறுமாறாக வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

ஆண்டு வரம்பு வேண்டுமானால் 'இயர்' என்று போட்டு, முக்காற்புள்ளிக்குப் பின் சதுர அடைப்புக்குள் 1960, பெரிய எழுத்தில் 'டு', பிறகு 1980 என்று கொடுங்கள். ஆனால் தனியாட்கள் ஏற்றியவற்றில் பலவற்றுக்கு ஆண்டே இருக்காது. வரம்பு போட்டதும் அவை எல்லாம் மறைந்துவிடும். அதனால் இதைக் கடைசியில் பயன்படுத்துங்கள்.

முடிவு பூஜ்யம் என்று வந்தால் கட்டளையை முழுதாக அழிக்க வேண்டாம். வலது கோடியிலிருந்து ஒவ்வொரு நிபந்தனையாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் முடிவு வருகிறதோ அங்கேதான் பிழை.

5. பக்கவாட்டு வடிகட்டிகள்

முடிவுகளின் இடப்பக்கத்தில் ஊடக வகை, ஆண்டு, பொருள், தொகுப்பு, ஆசிரியர், மொழி என்று வடிகட்டிகள் இருக்கும். கைப்பேசியில் இவை சுருங்கி 'ஃபில்டர்ஸ்' என்ற ஒரே வரியாகிவிடும்.

எல்லோரும் விழும் பள்ளம் மொழி வடிகட்டி. ஜெர்மன் என்று குறியிட்டால் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட நாவலும் சட்ட நூலும் வந்து குவியும். ஆங்கிலம் வழியாக ஜெர்மன் கற்பிக்கும் பாடநூலின் சீட்டில் மொழி 'இங்கிலீஷ்' என்றுதான் பெரும்பாலும் இருக்கும், சிலவற்றில் காலியாக இருக்கும். மொழி வடிகட்டியைத் தொடவே தொடாதீர்கள்.

பொருள் வடிகட்டி நேர்மாறாக, நல்ல ஆசான். உருப்படியான ஒரு நூல் கிடைத்ததும் அதன் பக்கத்தில் இருக்கும் பொருள் சொற்களைப் படியுங்கள். அதே சொற்களை எடுத்து அடுத்த தேடலுக்குப் போடுங்கள். இரண்டு மூன்று சுற்றில், முதலில் தோன்றியிராத சொற்கள் கைக்கு வந்துவிடும்.

நல்ல முடிவுப் பட்டியல் அமைந்ததும் அந்தப் பக்கத்தின் முகவரியைச் சேமித்து வையுங்கள். கட்டளையும் வடிகட்டிகளும் அந்த முகவரிக்குள்ளேயே இருக்கும். அடுத்த மாதம் திறந்தால் புதிதாக வந்தவையும் சேர்ந்து தெரியும்.

6. புதையல் இருக்கும் இரண்டு இடங்கள்

அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஃபாரின் சர்வீஸ் இன்ஸ்டிடியூட், சுருக்கமாக எஃப்எஸ்ஐ, தன் தூதரக ஊழியர்களுக்காகப் பல மொழிகளில் பாடம் தயாரித்தது. அரசுப் படைப்பு என்பதால் அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. ஜெர்மன் அடிப்படைப் பாடம் இரண்டு தொகுதி: முதலாவதில் 1 முதல் 12 வரை, இரண்டாவதில் 13 முதல் 24 வரை. நூல் ஒரு பக்கத்திலும் ஒலிநாடா வேறொரு பக்கத்திலும் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகத் தேடிச் சேர்ப்பது உங்கள் வேலை. இறக்குவதற்கு முன் பாட எண்களை ஒப்பிடுங்கள். முதல் தொகுதியின் நூலும் இரண்டாம் தொகுதியின் ஒலியும் கையில் இருந்தால் எதற்கும் உதவாது.

நூலின் உள்ளே தேடும் வசதி இங்கேதான் கைகொடுக்கும். எஃப்எஸ்ஐ ஜெர்மன் நூலில் வரும் சொற்பட்டியலுக்கு 'ஃபைண்டர் லிஸ்ட்' என்று பெயர். ஒரு வகைப் பயிற்சியின் பெயர் 'சப்ஸ்டிடியூஷன் ட்ரில்'. இந்தத் தொடர்களை மேற்கோளுக்குள் வைத்து, மொழியின் பெயரையும் சேர்த்து, 'டெக்ஸ்ட் கன்டென்ட்ஸ்' தேர்வில் தேடுங்கள். தலைப்பை எப்படித் தப்பாக எழுதியிருந்தாலும் நூல் வெளியே வந்துவிடும்.

இரண்டாவது இடம் எரிக். அமெரிக்கக் கல்வித் துறையின் ஆவணக் களஞ்சியம். பீஸ் கோர் என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்பின் தொண்டர்களுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் தயாரான, கடையில் விற்காத பாடங்கள் பல அதில் உண்டு. ஆசிய, ஆப்பிரிக்க மொழிகளுக்கு இது தங்கச் சுரங்கம். ஆர்க்கைவில் 'கலெக்ஷன்' என்று போட்டு, முக்காற்புள்ளிக்குப் பின் 'எரிக்ஆர்க்கைவ்' (ericarchive) என்று ஒரே சொல்லாகக் கொடுத்தால் அந்தத் தொகுப்புக்குள் மட்டும் தேடும். எரிக்கின் சொந்தத் தளத்திலும் தேடலாம். அங்கே முழு ஆவணம் உள்ளவை மட்டும் என்ற கட்டத்தில் குறியிட மறக்காதீர்கள். எண் 'இடி' என்று தொடங்கினால் ஆவணம். 'இஜே' என்று தொடங்கினால் பத்திரிகைக் கட்டுரை, பெரும்பாலும் சுருக்கம் மட்டுமே கிடைக்கும்.

எரிக் ஆவணங்களில் பழையவை தட்டச்சுப் பக்கங்களை நுண்படமாக எடுத்து, அதிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்தவை. எழுத்து மங்கலாக இருக்கும். ஆங்கிலத்தை ஊகித்துப் படித்துவிடலாம், கற்கும் மொழியின் மேற்குறிகளை ஊகிக்க முடியாது. நடுப்பக்கம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

7. இறக்கும் முன் ஐந்து நிமிடம்

பக்கத்தைத் திறந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். பொருளடக்கம் முழுதாக இருக்கிறதா? கடைசிப் பக்கம் வரை ஸ்கேன் வந்திருக்கிறதா? கருத்துப் பகுதியில் யாராவது 'நான்காம் நாடா இல்லை' என்பது போல எழுதியிருக்கிறார்களா?

கோப்பு வடிவத்தில் பிடிஎஃப் எடுங்கள். இபப், வெறும் உரை இரண்டும் கணினி படத்தைப் பார்த்துத் தானாகப் படித்து உருவாக்கியவை. ஆங்கில நாவலுக்கு அது போதும். மொழிப் பாடத்துக்கு அது ஆபத்து. ஜெர்மனில் 'ஃப்யூர்' என்ற சொல்லில் இரட்டைப் புள்ளி வைத்த 'யூ' இருக்கிறது. கணினி அதைப் புள்ளி இல்லாத 'யூ' என்றோ, அடுத்தடுத்த இரண்டு 'ஐ' என்றோ படித்துவிடும். 'எஸ்' ஒலிக்கு ஜெர்மனில் உள்ள தனி எழுத்தான 'எஸ்ஸெட்'டை (ß) பெரிய 'பி' என்று படிக்கும். தொடக்க நிலையில் இருப்பவருக்குப் பிழை என்றே தெரியாது, அப்படியே மனப்பாடம் ஆகிவிடும். பழைய ஃப்ராக்டூர் அச்செழுத்தில் உள்ள நூல்களில் நீண்ட 'எஸ்' எல்லாம் 'எஃப்' ஆகியிருக்கும். பிடிஎஃப் மூலப் படத்தைக் காட்டுவதால் இந்தத் தொல்லை இல்லை.

தமிழ் எழுத்து உள்ள பழைய பதிவேற்றங்களில் இந்த எழுத்துப் படிப்பே நடந்திருக்காது. விவரப் பகுதியில், இந்த மொழியை இப்போதைக்குப் படிக்க இயலாது என்ற பொருளில் ஆங்கிலக் குறிப்பு இருக்கும். அப்படிப்பட்ட நூல்களின் உள்ளே தேட முடியாது, சீட்டு வழியாக மட்டுமே பிடிக்கலாம்.

ஒலிக்கு 'விபிஆர் எம்பி3' போதும். மூலக் கோப்பு 'வேவ்' அல்லது 'ஃப்ளாக்' வடிவில் இருந்தால் அளவு பல மடங்கு பெரிதாக இருக்கும். பேச்சு கேட்க அது தேவையில்லை. ஒலியை இறக்காமலே முதல் பாடத்தையும் கடைசிப் பாடத்தையும் அரை அரை நிமிடம் ஓட்டிக் கேளுங்கள். தொடக்கம் தெளிவாக இருந்து முடிவில் இரைச்சலாக இருக்கும் தொகுப்புகள் உண்டு.

8. இரவல் நூல்கள்

'பாரோ' என்ற பொத்தான் இருந்தால் அது இரவல் நூல். கணக்கில் நுழைந்ததும் ஒரு மணி நேரம் திரையில் படிக்கலாம். நேரம் முடிந்ததும், பிரதி இருந்தால், மறுபடி எடுக்கலாம். சிலவற்றுக்கு 14 நாள் இரவலும் உண்டு. முழு நூலை இரவலில் படித்து முடிக்கத் திட்டமிட வேண்டாம். பாடநூல் உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிட்டுக் கடையில் வாங்குவதற்கு இது நல்ல வழி. ஒரு பாடம் படித்துப் பார்க்க ஒரு மணி நேரம் போதும்.

சில நூல்கள் பார்வைக் குறைபாடு போன்ற காரணங்களால் அச்செழுத்தைப் படிக்க இயலாதவர்களுக்கு மட்டும் திறக்கும். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், அவர்கள் தகுதிக்கு விண்ணப்பித்து அந்த வசதியைப் பெறலாம்.

கடையில் இன்றும் விற்கும் புதிய நூலின் முழு பிடிஎஃப் திறந்த நிலையில் கிடந்தால், உரிமை இல்லாமல் யாரோ ஏற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவை திடீரென்று நீக்கப்படும். அதை நம்பிப் படிப்பைத் தொடங்கினால் பாதியில் நிற்பீர்கள். எழுதியவரின் உழைப்பும் அதில் இருக்கிறது.

9. பழைய பாடத்தில் எதைத் தள்ள வேண்டும்

எஃப்எஸ்ஐ ஜெர்மன் பாடத்தின் உச்சரிப்பும் வாக்கிய அமைப்பும் இன்றும் உதவும். எழுத்துக்கூட்டு மாறிவிட்டது. 1996 சீர்திருத்தத்துக்குப் பின், குறில் உயிருக்குப் பிறகு வந்த 'எஸ்ஸெட்' இரட்டை 'எஸ்' ஆகிவிட்டது. 'தஸ்' என்ற இணைப்புச் சொல்லைப் பழைய நூலில் பார்த்தபடி தேர்வில் எழுதினால் பிழை. பாடத்தில் பணம் மார்க் கணக்கில் வரும், ஆனால் 2002 தொடக்கத்திலிருந்து கையில் புழங்குவது யூரோ. திருமணமாகாத பெண்ணை 'ஃப்ராய்லைன்' என்று அழைப்பதாக உரையாடல்கள் இருக்கும். இன்று அப்படி அழைத்தால் மரியாதைக் குறைவு. எல்லாப் பெண்களுக்கும் 'ஃப்ராவ்' தான்.

வேலைக்காகவோ குடும்பத்தோடு சேர்வதற்காகவோ தேர்வு எழுதுபவர்கள் இந்தப் பழைய பாடத்தைப் பேச்சுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி வினாத்தாளும் ஏ1, ஏ2, பி1 என்ற தேர்வு நிலைகளுக்கான சொற்பட்டியலும், ஜெர்மன் தேர்வுகளை நடத்தும் கோதே இன்ஸ்டிடியூட்டின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஆர்க்கைவில் தேட வேண்டாம். அங்கே கிடைத்தாலும் பழைய வடிவமாக இருக்கக்கூடும்.

10. இறக்கியதை ஒழுங்காக வையுங்கள்

இறங்கும் கோப்புகளின் பெயர் எண்ணும் எழுத்துமாக இருக்கும், ஒரு வாரத்தில் எது எது என்று மறந்துவிடும். மொழிக்கு ஒரு கோப்புறை, அதற்குள் பாடத்துக்கு ஒன்று. நூலின் பெயரை மொழி, பாடம், தொகுதி என்ற வரிசையில் மாற்றுங்கள். ஒலிக்கோப்புகளின் எண்ணில் ஒற்றை இலக்கத்துக்கு முன் பூஜ்யம் போடுங்கள். இல்லையென்றால் கைப்பேசி 1-க்கு அடுத்து 10-ஐ ஓட்டும். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்ற முகவரியை ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதி அதே கோப்புறையில் போட்டு வையுங்கள். ஒரு நாடா பழுதாக இறங்கியிருந்தால் அந்த முகவரிக்குப் போய் அதை மட்டும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.